சொல்லே காவல்: சுபாங் வான்வெளியின் வரலாறு

கோலாலம்பூர் நகர மையத்தை அடுத்துத் தெற்கே அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸ், தன் பெயரைச் செங்கற்சூளைகளிடமிருந்து பெற்றது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பப்படவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. அதன் பயனாக இங்குச் சூளைகள் பெருகின. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளான் வட்டாரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், சூளைகளின் ஊர் சிறிது சிறிதாக இரயில்வேயின் ஊராக மாறிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பாதை அமைத்தனர், பணிமனைகளில் உழைத்தனர். இரயில்வே குடியிருப்புகளும் கோயில்களும் பள்ளிகளும் அவ்வூரில் தமிழ் வாழ்வை நிலைநிறுத்தின.

அக்கால இரயில் தொழிலில் ஓர் எளிய நெறி இருந்தது. ஒற்றைத் தண்டவாளம் உள்ள பகுதியில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க, அப்பகுதிக்கென ஓர் அடையாளப் பொருளை வைத்திருந்தனர். 'டோக்கன்' எனப்பட்ட அப்பொருள் கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக்கூடாது. நிலைய அதிகாரி கொடுப்பார், ஓட்டுநர் பெற்றுக்கொள்வார், அடுத்த நிலையத்தில் ஒப்படைப்பார். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருக்கலாம். அப்பகுதிக்கு யார் பொறுப்பு என்பதில் ஒருபோதும் ஐயம் எழக்கூடாது. இவ்விரண்டுமே அந்நெறியின் உயிர்.

2001-ஆம் ஆண்டில், பழைய இரயில் முற்றம் இருந்த அதே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. அடுத்த ஆண்டு, அங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்திற்கு 28 நிமிடங்களில் செல்லும் விரைவு இரயில் ஓடத் தொடங்கிற்று. சூளையாகவும் பின்பு இரயில் ஊராகவும் இருந்த பிரிக்பீல்ட்ஸ் இப்போது வானத்தின் வாயிலும் ஆயிற்று. ஆனால், அவ்வாயில் வழியே செல்லும் பயணிகளுள் பெரும்பாலோர் விமானியை எண்ணுவரேயன்றி, தரையில் அமர்ந்து அவ்விமானத்தின் வழியைக் காப்பவரை எண்ணுவதில்லை. இரயில்வேயின் டோக்கனை வானத்தில் கையில் கொடுக்க இயலாது. அங்கே அதன் இடத்தை வகிப்பது சொல். அச்சொல் காத்த உயிர்களும் அச்சொல் தவறியதால் அழிந்த உயிர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன.

வான்வழிக் காவலின் தோற்றம்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு முதல் உலகப் போருக்குப் பின் பிறந்த தொழில். 1920-ஆம் ஆண்டில் இலண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று அமைந்தது. அந்நிலையத்தின் வானொலி அதிகாரியாக இருந்த மோக்ஃபோர்ட் என்பவரே, 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 'மேடே' என்னும் அபாயக் குறிச்சொல்லை ஆக்கித் தந்தார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1929-ஆம் ஆண்டில் ஆர்ச்சி லீக் என்பவர், ஒரு தள்ளுவண்டியில் கொடிகளையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதைக்குச் செல்வார். கட்டமிட்ட கொடி அசைந்தால் விமானம் செல்லலாம். சிவப்புக் கொடி அசைந்தால் நிற்க வேண்டும். இரயில் காவலரின் கொடியும் விளக்கும் வான்வழிக்கு வந்த கதை இதுவே.

1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தமும், 1947-இல் செயற்படத் தொடங்கிய அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பும் உலகிற்குப் பொதுவான விதிகளை வகுத்தன. அவற்றுள் மொழி பற்றிய விதிகள் ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்கவை. ஆங்கில எழுத்துகளுள் பல ஒன்றுபோல் ஒலிப்பதால், 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' எனச் செல்லும் சொல்வரிசை 1956-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எண்களுக்கும் தனி ஒலிப்பு வகுக்கப்பட்டது. ஐந்தைக் குறிக்கும் 'ஃபைவ்', ஒன்பதைக் குறிக்கும் 'நைன்' ஆகிய இரண்டும் இரைச்சலில் மயங்கும் என்பதால், முன்னது 'ஃபைஃப்' என்றும் பின்னது 'நைனர்' என்றும் ஒலிக்கப்பட்டன. தொண்ணூற்றையும் தொள்ளாயிரத்தையும் மாணவர் மயங்கிச் சொல்லும்போது திருத்தும் தமிழாசிரியருக்கு இவ்விதியின் தேவை எளிதில் விளங்கும்.

சுங்கை பீசியிலிருந்து சுபாங்கிற்கு

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்தது. மே முதல் நாளிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கிடையே ஒழுங்கான சேவை தொடங்கிற்று. தலைநகரின் விமான நிலையம் அப்போது சுங்கை பீசியில் இருந்தது. பெரிய ஜெட் விமானங்களின் காலம் வந்ததும், 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 3,780 மீட்டர் நீளமுள்ள அதன் ஓடுபாதை, அந்நாளில் தென்கிழக்காசியாவிலேயே மிக நீண்டதாக விளங்கியது. சுற்றிலும் தோட்டங்களும் குன்றுகளும் ஈயக் குட்டைகளும் இருந்தன.

ரேடார்த் திரை இல்லாத காலத்தில் கட்டுப்பாட்டாளர் விமானத்தைக் கண்ணால் காண்பதில்லை; செவியாலும் மனத்தாலுமே கண்டார். விமானி தாம் கடந்த இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் வானொலியில் சொல்வார். கட்டுப்பாட்டாளர் அவற்றை ஒரு நீண்ட காகிதப் பட்டையில் எழுதிச் சட்டத்தில் செருகி, வரிசைப்படி தம்முன் அடுக்கி வைப்பார். ஒவ்வொரு பட்டையும் ஒரு விமானம். மேலும் கீழுமாகச் செல்லும் இரு விமானங்களுக்கிடையே ஆயிரம் அடி இருக்கவேண்டும். ஒரே உயரத்தில் முன்னும் பின்னுமாகச் செல்பவற்றிற்கிடையே குறித்த நிமிடங்களோ தொலைவோ இருக்கவேண்டும். வானொலி பழுதுபட்டால் கோபுரத்திலிருந்து ஒளி விளக்கைக் காட்டுவர். அசையாத பச்சை ஒளி பறந்து வருபவருக்கு 'இறங்கலாம்' என்று கூறும். அசையாத சிவப்பு, 'பிறர்க்கு வழிவிட்டு வட்டமிடுக' என்று கூறும். ரேடார் வந்த பின்னரும் இந்நெறிகளின் அடிப்படை மாறவில்லை.

இவை அனைத்திற்கும் மேலான விதி ஒன்று உண்டு. கட்டுப்பாட்டாளர் கட்டளையிட்டால், அதன் இன்றியமையாப் பகுதிகளை விமானி திரும்பச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைச் செவியுற்று, தவறிருந்தால் உடனே திருத்த வேண்டும். சொன்னவரின் கடமை சொன்னதோடு முடிவதில்லை. கேட்டவர் எவ்வாறு கேட்டார் என்று அறியும்வரை நீடிக்கிறது.

துயரம் மிகுந்த 1977

1977-ஆம் ஆண்டு விமான வரலாற்றில் துயரம் மிகுந்தது. மார்ச்சு 27-ஆம் நாள் கேனரித் தீவுகளைச் சேர்ந்த டெனெரீஃப் நிலையத்தில், மூடுபனியினிடையே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட இசைவு கிடைத்துவிட்டதாக ஒரு விமானி கொண்ட தவறான எண்ணமும், அவர் சொன்ன தெளிவற்ற தொடரும், அதற்குக் கோபுரம் 'சரி' என்று தொடங்கிச் சொன்ன மறுமொழியும் அப்பேரழிவின் காரணங்களுள் அடங்கும். அதன் பின்னரே, 'டேக் ஆஃப்' என்னும் தொடரை இசைவு வழங்கும்போதும் அதை நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாடு உறுதிபெற்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.8 விமானம், நிலையத்திற்குச் சில கல் தொலைவிலிருந்த எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதிற்று. 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே, குறைந்தபட்ச உயரத்திற்கும் கீழே விமானம் இறங்கியது காரணம் என ஆய்வு கூறியது. டிசம்பர் 4-ஆம் நாள் பினாங்கிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்த மலேசிய விமானம் கடத்தப்பட்டது. கடத்தல் நிகழ்ந்ததை விமானி சுபாங் கோபுரத்திற்குத் தெரிவித்தார். விமானம் தெற்கே திரும்பி, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்தது. அதிலிருந்த 100 பேரும் இறந்தனர். கேட்டறிந்தும் ஒன்றும் செய்யவியலாத நிலை, கோபுரத்தில் இருப்போர்க்கு நேரும் துயரங்களுள் கொடியது.

'டூ' என்னும் ஓர் ஒலி

மொழியைக் கற்பிப்போர் மறக்கக்கூடாத நாள் 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19. அன்று விடியற்காலையில் சிங்கப்பூரிலிருந்து சுபாங் நோக்கி வந்தது ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம். அதன் அழைப்புப் பெயர் டைகர் 66. தெற்கிலிருந்து ஓடுபாதை 33-ஐ அணுகிய அவ்விமானத்தை 2,400 அடி உயரத்திற்கு இறக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர், 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று கூறினார். அவர் கருதியது இரண்டு, நான்கு, சுழி, சுழி. அதாவது 2,400 அடி. ஆனால் ஆங்கிலத்தில் 'இரண்டு' என்னும் எண்ணும், 'இவ்விடத்திற்கு' என்று சுட்டும் இடைச்சொல்லும் 'டூ' என ஒன்றாகவே ஒலிக்கின்றன. விமானியறையில் இருந்தோர் அதனை '400 அடிக்கு இறங்குக' என்று கொண்டனர். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திரும்பச் சொல்லவும் செய்தனர். அந்த மறுமொழியில் தவறு வெளிப்பட்டுக் கிடந்தது. ஆனால் அது திருத்தப்படவில்லை.

விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. தரை நெருங்குகிறது என்னும் எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானிகள் விமானத்தை மேலெழுப்பவில்லை. நிலையத்திற்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பூச்சோங் அருகே ஒரு குன்றில் அது மோதிற்று. விமானத்திலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

இப்பழி ஒருவர் தலையில் மட்டும் ஏற்றத்தக்கதன்று. கட்டளை முறைப்படி அமையவில்லை என்பது உண்மை. அதே வேளையில், அணுகு வரைபடத்தை விமானிகள் முறையாகப் பார்த்திருந்தால், 400 அடி என்பது அவ்விடத்தில் இயலாத உயரம் என்பதை உணர்ந்திருப்பர். ஒரு தவறு நிகழ்வது மனித இயல்பு. அதனைப் பிடித்து நிறுத்தவே திரும்பச் சொல்லலும் வரைபடமும் எச்சரிக்கைக் கருவியும் வைக்கப்பட்டுள்ளன. அன்று அம்மூன்று வேலிகளும் பயன்படாமற் போயின.

தமிழில் இம்மயக்கம் தோன்றாது. 'நானூறு அடிக்கு' என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு பெயரின் பின்னே நின்று ஒட்டிக்கொள்கிறது. அதனை 'இரண்டு' எனக் கேட்க வழியில்லை. 'இரண்டாயிரத்து நானூறு' என்னும்போது ஆயிரம் என்னும் சொல்லே காவலாக நிற்கிறது. இன்றைய அனைத்துலக விதியும், முழு நூறாகவும் ஆயிரமாகவும் வரும் உயரங்களை வெறும் இலக்கங்களாக அடுக்காமல் 'தவுசண்ட்', 'ஹண்ட்ரட்' என்னும் சொற்களோடு கூறுமாறு பணிக்கிறது. ஆயினும், எம்மொழியும் மயக்கத்திற்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. தன் மொழி எங்கே வழுக்கும் என்று அறிந்து பேசுவதே சொல்வன்மை.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இந்தியாவின் சர்க்கி தாத்ரி வான்வெளியில் சவூதி விமானமும் கசக் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசக் விமானம் அதனினும் கீழே இறங்கிவிட்டதே காரணம். அதன் குழுவினரின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவும் ஆய்வில் சுட்டப்பட்டது. அதன்பின் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு நிலைகளைக் கொண்ட மொழித்தேர்வில் நான்காம் நிலையையேனும் எட்டவேண்டும் என்னும் விதி 2008-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மொழித்தேர்வு உயிர்காக்கும் தேர்வாயிற்று.

கைமாறாத பொறுப்பு

1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிப்பாங் விமான நிலையம் திறக்கப்பட்டதும் சுபாங்கின் ஆரவாரம் அடங்கிற்று. பின்னர் அது சிறு விமானங்களின் வட்டார நிலையமாயிற்று. 2024-ஆம் ஆண்டில் பயணிகள் ஜெட் சேவை அங்கு மீண்டும் தொடங்கியது.

2014-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள், எம்.எச்.370 விமானம் 239 பேருடன் சிப்பாங்கிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டது. பின்னிரவு 1.19 மணிக்கு, வியட்நாமின் ஹோ சி மின் கட்டுப்பாட்டு மையத்தை 120.9 என்னும் அலைவரிசையில் அழைக்குமாறு கோலாலம்பூர் மையம் பணித்தது. வந்த மறுமொழி இரவு வணக்கமும் விமானத்தின் பெயரும் மட்டுமே. அலைவரிசை எண் திரும்பச் சொல்லப்படவில்லை. இரண்டு நிமிடங்களில் விமானம் ரேடார்த் திரையிலிருந்து மறைந்தது. 'விமானம் எங்கே?' என்று ஹோ சி மின் மையம் கோலாலம்பூரைக் கேட்டபோது மணி 1.39. ஏறத்தாழ இருபது நிமிடங்கள், ஒரு மையம் தான் ஒப்படைத்துவிட்டதாக எண்ணியிருந்தது. மற்றொன்று தன்னிடம் வந்து சேராததைக் கேட்காமல் இருந்தது. தேடுதலுக்கான எச்சரிக்கையும் விடியும் வேளையிலேயே விடுக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வறிக்கை இரு மையங்களின் நடைமுறைக் குறைகளையும் சுட்டிக்காட்டியது. விமானம் மறைந்ததற்கான காரணமோ இன்றுவரை தெளியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேத் தொழிலாளர் இந்நிகழ்ச்சியைத் தம் மொழியில் எளிதாகச் சொல்லிவிடுவர்: டோக்கன் ஒரு கையை விட்டு நீங்கியது, மறுகைக்கு வந்து சேரவில்லை. இரும்பாலான டோக்கன் என்றால் அது யார் கையில் உள்ளது என்பது கண்ணுக்குத் தெரியும். சொல்லாலான டோக்கனுக்கு அவ்வசதி இல்லை. சொல்பவர் தெளிவாகச் சொல்லி, கேட்பவர் திருத்தமாகத் திரும்பச் சொல்லி, மீண்டும் அதனைச் சொன்னவர் செவிகொடுத்துக் கேட்டால்தான் அது கைமாறியதாகும்.

வகுப்பறையில் மாணவன் சொன்னதைத் திரும்பச் சொல்லுமாறு ஆசிரியர் பணிப்பதும், 'ல'கர 'ள'கர வேறுபாட்டைப் பொறுமையோடு திருத்துவதும், எண்ணுப் பெயர்களைப் பிழையறச் சொல்லப் பழக்குவதும் பழமைப் பிடிவாதம் எனச் சிலர் எண்ணுவதுண்டு. பூச்சோங் குன்றின் வரலாறு அவ்வெண்ணத்திற்கு மறுப்பாக நிற்கிறது. அம்மாணவருள் ஒருவர் நாளை கோபுரத்தில் அமரலாம். மருத்துவமனையில் மருந்தின் அளவைச் சொல்லலாம். இரயில் நிலையத்தில் வண்டிக்கு வழிவிடலாம். அன்று அவர் பேசும் மொழி எதுவாயினும், சொல்லைப் பிசகாமல் சொல்லவும் பிறர் சொல்லைக் கூர்ந்து கேட்கவும் அவர் பழகிய இடம் தாய்மொழி வகுப்பறையாகவே இருக்கும்.