செம்மரம் போன வழி

மரப்பாச்சி பொம்மையை யாராவது வீட்டுக் கொலுவில் பார்த்திருப்பீர்கள். ராஜா ராணி ஜோடி, கருஞ்சிவப்பு நிறம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறின கனம். அசல் மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. செஞ்சந்தனம், ரத்தசந்தனம்னு சொல்றதும் இதைத்தான். (பேரில்தான் சந்தனம், வாசனை கிடையாது! உறவுமுறையில் பார்த்தால் இது வேங்கைக்குப் பங்காளி.)

உலகத்திலேயே இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா... பழைய கணக்கில் சொன்னால் கடப்பா, சித்தூர், நெல்லூர் மாவட்டங்கள். அந்த மலைக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது எங்கள் திருவள்ளூர் மாவட்டம். மரம் மலையில், வாங்குகிறவன் கடலுக்கு அந்தப் பக்கம், நாம நடுவுல வெறும் வழி. நானூறு வருஷமா இதுதான் கதை.

சரி, அப்படி என்ன இருக்கு இந்த மரத்தில்? வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. கரையான் சுலபத்தில் தொடாது. இழைத்து மெருகேற்றினால் சிவப்பு, நாளாக ஆக ஊதா கலந்த கறுப்பாக மாறும். சில மரங்களில் ரேகை நேராகப் போகாமல் அலை அலையாக ஓடும், விலை எகிறுவது அதற்குத்தான். கட்டைக்குள் சாண்டலின் என்ற சாயமும் இருக்கிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, சாராயத்தில் கரையும்.

ஐரோப்பாக்காரர்கள் முதலில் தேடி வந்தது இந்தச் சாயத்தைத்தான். 1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து இறங்கினார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் நம்ம பழவேற்காடுதான். துணிதான் முக்கிய சரக்கு. கூடவே செம்மரமும் போனது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காலியாத்தூர் கட்டை'. கனமான சரக்கு என்பதால் கப்பல் ஆடாமல் இருக்க அடித்தட்டில் போடவும் வசதி. அங்கே போய்ப் பொடியாகி, கம்பளித் துணிக்குச் சாயமாகவும் மருந்துகளுக்கு நிறமாகவும் ஆனது. 1856-ல் இங்கிலாந்தில் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னால் வந்த சாயங்கள் மரச்சாய வியாபாரத்தையே படுக்க வைத்துவிட்டன.

ஆனால் கிழக்கே கிராக்கி குறையவில்லை. சீனாவில் 'ஜிதான்' என்றால் ராஜமரம். சிங் வம்சத்துப் பேரரசர்களின் அரண்மனை நாற்காலிகளும் மேசைகளும் அதில்தான். ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துப் பகுதிக்கு உயர்ந்த மரம் இதுதான்.

1995-ல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. காட்டில் வெட்டக் கூடாது என்றாகிவிட்டது. கிராக்கி மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் என்ன, கடத்தல்தான்! ஆந்திராவிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வரும் கல்கத்தா நெடுஞ்சாலையும், செங்குன்றத்துக் குடோன்களும், துறைமுகம் போகும் கன்டெய்னர்களும் பேப்பரில் அடிபட ஆரம்பித்தது இப்படித்தான். அன்றைக்குப் பழவேற்காடு, இன்றைக்கு எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை. வழி பெரிதாக மாறவே இல்லை.

இதில் செத்தது யார் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து ஏழைகள், பலர் மலைவாழ் மக்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ், போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். மரத்தை வெட்டினவனுக்குக் கூலிதான். அதை நாற்காலியாக்கி உட்காருகிறவன் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்குமா?

ஆனா இந்தக் கதையில் ஒரு புது வரி இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை உரிய அனுமதியோடு ஏற்றுமதி செய்ய 2019-ல் வழி திறந்தது. 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி, இப்படிப்பட்ட வளத்தை வணிகத்துக்கு எடுப்பவர் ஒரு தொகை கட்ட வேண்டும். அதில் வளர்த்தவருக்கும் பங்கு உண்டு. 2025-ல் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் தமிழ்நாட்டில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் விடுவித்தது. 18 பேரும் எந்த ஊர் என்கிறீர்கள்? கொத்தூர், வேம்பேடு, அம்மம்பாக்கம் என்று எட்டு கிராமங்கள், எல்லாமே திருவள்ளூர் மாவட்டம்!

தொகை பெரிசில்லைதான். செம்மரம் நன்றாக வைரம் பாய இருபத்தைந்து, முப்பது வருஷமாவது ஆகும், அவசரக்காரனுக்கு அது லாயக்கில்லை. ஆனாலும் நானூறு வருஷமா வெறும் வழியாக இருந்த மண், முதல்முறையாக வளர்த்ததற்குக் காசு வாங்கியிருக்கிறது. கோடாலியோடு ராத்திரியில் மலையேறுவதைவிட, வரப்போரம் நாலு கன்று நட்டுக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.