பாதியில் நின்ற மென்பொருளும் 19 வயது மாணவனும்

இன்று உலகில் உள்ள இணையத்தளங்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு, வேர்ட்பிரஸ் என்ற ஒரே மென்பொருளில் இயங்குகின்றன. உங்கள் பள்ளிக்கூடத்தின் தளம்கூட அதில் ஓடலாம். இவ்வளவு பெரிய மென்பொருள், வேறொருவர் பாதியில் நிறுத்திய வேலையிலிருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா? முதன்முதலாக ஓர் இணையத்தளம் தொடங்க நினைக்கும் உங்களுக்கு இந்தக் கதை உதவும்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆய்வு மையத்தில் வேலை செய்த டிம் பேர்னர்ஸ்-லீ, 1991இல் உலகின் முதல் இணையத்தளத்தை வெளியிட்டார். அப்போது ஒவ்வொரு பக்கத்தையும் எச்.டி.எம்.எல். குறியீட்டில் கையால் எழுத வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தில் 50 பக்கங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். தொலைபேசி எண் மாறினால் 50 கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும்!

இதற்குத் தீர்வாக வந்தவைதான் சி.எம்.எஸ். என்று சொல்லப்படும் மென்பொருள்கள். பத்திரிகை அலுவலகத்தில் செய்தியை ஒருவர் எழுதுவார், பக்கத்தை இன்னொருவர் வடிவமைப்பார் அல்லவா? அதே யோசனைதான். நீங்கள் எழுதுவது தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் தோற்றம் தனியாக ஒரு வார்ப்புருவில் இருக்கும். யாராவது தளத்துக்கு வரும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். தொலைபேசி எண்ணை ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

2001இல் மிஷெல் வால்ட்ரிகி என்பவர் 'பி2' என்ற பெயரில் இப்படி ஒரு மென்பொருளை எழுதினார். அதை ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது அதே சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. சிறிது காலத்தில் பி2வின் வளர்ச்சி நின்றுபோனது.

2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருந்த 19 வயது மாணவர் மாட் முல்லன்வெக், பி2வைத் தானே தொடர்ந்து வளர்க்கலாமா என்று தன் வலைப்பதிவில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்ற நிரலாளர், "நானும் வருகிறேன்" என்ற பொருளில் பதில் எழுதினார். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரிமம் அதை ஏற்கனவே கொடுத்திருந்தது. 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் வெளிவந்தது. வால்ட்ரிகியும் அதையே பி2வின் வாரிசாக ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் உண்டு. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தளம் அமைக்க இடம் கொடுத்தது. குறியீடு நன்றாகத் தெரியாதவர்கள்கூட அங்கே தங்களுக்கென்று பக்கங்களை உருவாக்கினார்கள். 1999இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தன்னார்வலர்கள் அவசரமாக நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது, மற்றவை அழிந்தன.

ஒரு கதையில் எழுதியவரே விலகியும் மென்பொருள் பிழைத்தது. மற்றதில் எழுதியவர்கள் விலகாமலே அவர்கள் எழுத்து அழிந்தது. சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே நீங்கள் தளம் தொடங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தள முகவரி உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ பதிவாகியிருக்கட்டும். இரண்டு, வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற திறந்த மூல மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் இலவசம், முகவரிக்கும் தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கும் பொதுவாகக் கட்டணம் உண்டு. மூன்று, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகலெடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும். படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

அம்மம்மா சொல்லும் ஊர்க்கதைகளை எழுதி வைக்க ஒரு தளம் தொடங்குகிறீர்களா? மிகவும் நல்லது. அழகான வார்ப்புருவைத் தேடுவதற்கு முன்னால், இந்தக் கதைகளை நாளைக்கு வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் இன்றே முதல் கதையை எழுதுங்கள்.