சவர நுரையும் செம்பனையும்



பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய முடிதிருத்தும் கடைகளில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கடைக்காரர் கிண்ணத்தில் சவர்க்காரத்தை வைத்து, ஈரத் தூரிகையால் சுழற்றுவார். நுரை கட்டித் தயிர்போல் திரண்டு வரும். அதைத் தாடையில் பூசிவிட்டுக் கத்தியைத் தோல்வாரில் தீட்டுவார். வாசலில் நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அதுவரை நுரை அசையாமல் நிற்கும். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் நாம் குளிக்கிற சவர்க்காரத்தையே முகத்தில் தேய்த்துக்கொள்கிறோமே, அந்த நுரையோ கத்தியை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. பிறகு எரிச்சல், கீறல், பரு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நம் தோட்டத்துக்கே திரும்பி வந்து நிற்போம்.

கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகும். இதைப் பழங்காலத்தவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ் காரம் மென்மையான சவர்க்காரத்தைத் தரும். சோடாக் காரம் கட்டியான சவர்க்காரத்தைத் தரும். ஆனால் கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்து சொன்னவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர். 1823இல் அவருடைய நூல் வெளிவந்தது. ஸ்டியரிக் அமிலம் முதலியவற்றைப் பிரித்துக் காட்டிய அவர், 102 வயதுவரை வாழ்ந்தார் என்பது தனிக்கதை. 1840இல் ஃபிரெமி என்பவர் பனையெண்ணெயிலிருந்து இன்னோர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பனையின் பெயராலேயே அதற்குப் பால்மிடிக் அமிலம் என்று பெயர் வந்தது.

சவர நுரையின் சூட்சுமம் இந்த இரண்டு அமிலங்களில்தான் அடங்கியிருக்கிறது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் சட்டென்று பெரிய குமிழிகளாகப் பொங்கும், சட்டென்று அடங்கும். அளவு மிஞ்சினால் தோலையும் வறளச் செய்யும். பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் மிகுந்த சவர்க்காரம் மெதுவாகத்தான் நுரைக்கும். ஆனால் அதன் குமிழிகள் நுண்மையானவை, நெருக்கமானவை. அவை நீரைப் பிடித்து வைத்திருப்பதால் தாடிமயிர் ஊறி மென்மையாகிறது. கத்தியும் வழுக்கிச் செல்கிறது. நல்ல சவரச் சவர்க்காரம் செய்பவர்கள் இவற்றை மிகுதியாகவும், தேங்காயெண்ணெயைக் கொஞ்சமாகவும் சேர்த்து, பொட்டாஷும் சோடாவும் கலந்து காய்ச்சுவார்கள்.

செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம்.

அந்த மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதிக்குப் போயின. அங்கிருந்து வந்த விதைகளை ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளி சிலாங்கூரில் நட்டார். கிள்ளானுக்கு வடக்கே கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917இல், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. தோட்டத்தின் பெயர் நம் காதில் தென்னைமரம் என்றே விழுகிறது, வளர்ந்ததோ செம்பனை! பின்னாளில் இந்நாட்டை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் இதே முதலாளிதான். 1960களுக்குப் பிறகு பால்மரங்கள் வெட்டப்பட்ட இடமெல்லாம் செம்பனை நின்றது. உளியையும் வாளியையும் வைத்துவிட்டு, நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தூக்கிக் குலை வெட்டக் கற்றுக்கொண்டவர்கள் நம்மவர்கள்.

பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமே. 1950களில் அங்கே லீவர் பிரதர்ஸ் நிறுவனத்தின் சோப்புத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று அது அங்கே இல்லை.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி: இதில் என்ன கொழுப்பு சேர்கிறது? மேல்நாட்டுச் சவரச் சவர்க்காரங்களில் நெடுங்காலமாக மாட்டுக் கொழுப்பே சேர்ந்தது. அதிலும் ஸ்டியரிக் அமிலம் மிகுதி என்பதே காரணம். மாட்டுக் கொழுப்பை விரும்பாத இந்துக்களும், பன்றிக் கொழுப்பை விலக்கும் முஸ்லிம்களும் வாழும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனம் முதல் உலகப் போர் முடியும் காலத்திலேயே தாவர எண்ணெய்ச் சவர்க்காரத்தை விற்கத் தொடங்கியதற்கும் இத்தகைய உணர்வு துணைநின்றது. உறையில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சோடியம் டாலோவேட் என்றிருந்தால் விலங்குக் கொழுப்பு. சோடியம் பாமேட் என்றிருந்தால் பனையெண்ணெய். ஸ்டியரிக் ஆசிட் என்று மட்டும் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தாவர எண்ணெய் என்று வேறெங்காவது அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாசனையும் விலையும் பெரிய சாட்சிகள் அல்ல என்பதே நம் எண்ணம். வாங்கிய சவர்க்காரத்தைச் சோதிக்க வீட்டிலேயே வழியுண்டு. ஈரத் தூரிகையால் அதைத் தேய்த்து, நுரையைப் புறங்கையில் பூசி, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு விரலால் தடவிப் பாருங்கள். நுரை ஈரமாய், வழவழப்பாய் நின்றால் அது சவரத்துக்கு ஏற்றது. பொருக்குத் தட்டிப் போயிருந்தால், குளிக்கவோ துணி அலசவோ வைத்துக்கொள்ளுங்கள்.