அன்னாசியில் கரப்பான்

1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான சூரினாம் பூச்சிகள் நூலின் முதல் படம் ஓர் அன்னாசி. அதன் மேல் கரப்பான்பூச்சிகள் ஊர்கின்றன. வரைந்தவர் மரியா சிபில்லா மெரியன். கணவரைப் பிரிந்து வாழ்ந்த அவர், 1699இல், தமது 52ஆம் வயதில், இளைய மகளோடு அந்த டச்சுக் குடியேற்றத்திற்குக் கப்பலேறினார்.

அழுக்கிலிருந்து பூச்சிகள் தாமாகவே உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. மெரியனோ, கரப்பான் தன் முட்டைகளை ஓர் உறைக்குள் சேர்த்து வைப்பதையும் அதிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதையும் எழுதிவைத்தார். துணியையும் உணவையும் அது பாழாக்குவதைச் சொல்லவும் மறக்கவில்லை. அலமாரி மூலையைப் பெருக்கும்போது அகப்படும், தட்டைப்பயறு அளவான பழுப்புக் கூடு அதுதான். துடைப்பம் பிடித்த கைகளுக்கு எப்போதும் தெரிந்த சங்கதி, ஏட்டில் ஏற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது! பின்னாளில் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது மெரியனின் படங்களைச் சான்றாகக் காட்டினார்.

ஆனால் மெரியனை மட்டும் கொண்டாடிவிட்டு நகர முடியவில்லை. காட்டில் அவருக்குக் கோடரியால் வழிவெட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். நம் வீட்டு வாசல்களிலும் பூக்கும் மயில்கொன்றையின் விதையால் அடிமைப் பெண்கள் கருவைக் கலைத்தார்கள். தம் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாதென்று. அவர்களே தம்மிடம் சொன்னதாக மெரியன் எழுதுகிறார். சொன்னவர்களின் பெயர்களை எழுதவில்லை. 1701இல் ஊர் திரும்பிய கப்பலில் அவரோடு ஒரு பழங்குடிப் பெண்ணும் போனார். அவருடைய பெயரும் நூலில் இல்லை.