பழைய பத்திரிகைகளில் புதிய படங்கள்

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி கண்டியில் பிறந்தார் என்பதைத் தமிழர் பலரும் அறிவர். அவர் முதன்முதலில் தோன்றிய 'சதி லீலாவதி' (1936) படத்தின் நாயகன் இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகிறான் என்பதை அறிந்தவர் சிலரே. கதை எஸ்.எஸ். வாசனுடையது, இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். கண்டியில் பிறந்தவருக்கு அதில் கிடைத்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். அப்படத்தின் பிரதி இன்று இல்லை. பழைய தாள்களில் வந்த விளம்பரமும் விமர்சனமுமே மிச்சம்.

இந்த எண்ணம்தான் என்னைக் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பழைய பேப்பர் கடைகளுக்கு இழுத்துச் சென்றது. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் அங்கே நிறுத்து விற்கப்பட்டுக் கடலைச் சுருளாகிக்கொண்டிருந்தன.

சேகரிப்போர் பலர் படவிளம்பரத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுகின்றனர். எனக்கு இது உடன்பாடில்லை. 'இன்று முதல்' என்று விளம்பரம் கூறும். எந்த 'இன்று'? திகதி பக்கத்தின் தலைப்பில் இருக்கிறது. கத்தரிக்கோல் அதை விட்டுவிட்டது. ஒரு படம் சென்னையில் வெளியான நாள் வேறு, கண்டி வெம்பிளியில் திரையிடப்பட்ட நாள் வேறு. பின்னதை அறிய உள்ளூர்த் தாளை விட்டால் வழியில்லை. முழுத்தாள் இருந்தால், அன்றைய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தச் செய்தியும் மறுபக்கத்தில் கிடைக்கும்.

நான் பல்லாண்டுகளாகத் தேடுவது 'தோட்டக்காரி' வெளியான வாரத்துத் தாளை. பி.எஸ். கிருஷ்ணகுமாரின் இப்படம் 1963இல் வந்தது. 35 மி.மீ.இல் இலங்கையில் உருவான முதல் தமிழ்ப் படம். மலையகத் தோட்ட மக்களே கதை மாந்தர். அம்மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. மறு ஆண்டு, 1964 அக்டோபர் 30இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை இழுபட்டது. தம் வாழ்வைத் திரையில் கண்டவர்களில் எத்தனையோ பேர் பின்னர் தலைமன்னாரில் கப்பலேறினர்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீயிடப்பட்டபோது படச் சுருள்களும் அழிந்தன. மூலமும் போயிற்று, அதைப் பற்றி எழுதிய தாளும் போயிற்று.

பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழினால் ஆனது. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். கண்டியின் ஈரக்காற்றோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மடிக்காமல், இருட்டில், விரித்தபடி வையுங்கள். ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம் ஈழத்து ஏடுகளை மின்வடிவாக்கி வருகிறது, அங்கு அனுப்பலாம்.

மலையகத்தவர் பலர் தகரப் பெட்டியின் அடியில் பத்திரிகை விரித்துத் துணி அடுக்குவர். அப்படிப்பட்ட பெட்டிகளோடு நீலகிரிக்குப் போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். அப்பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், அடித்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1963 என்று இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.