உரலை விட்டுப் போன வரகு
மழையை மட்டுமே நம்பும் மானாவாரி நிலங்களில், உரத்தையோ பாசனத்தையோ பெரிதாக எதிர்பாராமல் விளைந்த வரகு, சாமை, தினை, கம்பு ஆகிய சிறுதானியங்களே தமிழகத்தின் புன்செய் வட்டாரங்களில் நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தன. நெற்சோறு அங்கே பெரும்பாலும் பண்டிகை நாளுக்குரியது. திரிகை என்னும் கைச்சுழல் கல்லில் உமி நீக்கி, உரலில் குத்திப் புடைத்தால்தான் வரகு உலைக்கு வரும் என்பதால், அதன் வீழ்ச்சிக்குப் பெண்களின் இடுப்பொடிக்கும் உழைப்பும் ஒரு காரணம் என்பதை இன்றைய சிறுதானியப் புகழுரைகள் ஏனோ மறந்துவிடுகின்றன. பிலிப்பைன்ஸ் ஆய்வு நிலையத்திலிருந்து 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும், பம்புசெட்டும், அரிசி ஆலையும், நியாயவிலைக் கடை அரிசியும் சேர்ந்து அந்த உரலுக்கு ஓய்வளித்தன. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய 2023இல், ஏழைக் குடிசையின் தானியமாயிருந்த வரகு நகரக் கடைகளில் சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்றது.