பாணும் கந்தோரும்

யப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குச் செல்ல விரும்பி அம்மொழியைப் பயின்றுவரும் என் பழைய மாணவன் ஒருவன், சென்ற மாதம் தன் கொப்பியோடு வீட்டுக்கு வந்தான். "சேர், யப்பான்காரன் பாணுக்கு என்ன சொல்லுவான், சொல்லுங்க பாப்பம்" என்றான். நான் விழித்தேன். "பான் எண்டுதான் சொல்லுவான்!" என்று சிரித்தான்.

அவன் தினமும் வகுப்புக்குப் போகும் மண்முனைப் பாலம் யப்பானிய அரசின் நன்கொடையால் கட்டப்பட்டு 2014இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் படுவான்கரை மக்களாகிய நாம் பாதையிலேறித்தான் வாவியைக் கடந்தோம். ஆனால் பாலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கொக்கட்டிச்சோலையையும் யப்பானையும் ஒரு துண்டுப் பாண் இணைத்திருக்கின்றது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505இல். யப்பானின் தனெகசிமாத் தீவை அடைந்தது 1543இல். இரு கரைகளிலும் அவர்கள் தம் உணவின் பெயரை விட்டுச்சென்றனர். பொத்தானும் அப்படித்தான், யப்பானியருக்கு அது 'பொத்தன்'.

மட்டக்களப்பில் ஒரு விந்தை உண்டு. போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தரிடம் அதை இழந்தது 1638இல். பத்தே ஆண்டுகள். நம் தான்தோன்றீசுவரர் ஆலயத்தை இடிக்க வந்த பறங்கித் தளபதியின் முன் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்று ஊர் இன்றும் சொல்லும். கோயில் வாயிலில் பறங்கியை விரட்டிய நாம், வீட்டுக்குள் கதிரையையும் மேசையையும் அலுமாரியையும் யன்னலையும் அவன் பெயராலேயே அழைக்கின்றோம். கிடங்கு தோண்டும் அலவாங்கும், காலில் மாட்டும் சப்பாத்தும், வண்டியின் ரோதையும் அவன் சொற்களே. பத்தாண்டுக் கோட்டை இத்தனை சொற்களை எவ்வாறு ஈன்றது?

கோட்டை ஈன்றதன்று என்பதே என் கருத்து. ஒல்லாந்தர் ஆட்சியிலும் துறைமுகங்களிலும் கடைத்தெருக்களிலும், ஏன், ஒல்லாந்தரின் சொந்த வீடுகளிலுங்கூட, பொதுமொழியாய் வழங்கியது கலப்புப் போர்த்துக்கேயமே. மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் சில அதை இன்றும் பேசுகின்றன. அச்சமூகத்தார் மரபாகத் தச்சரும் கொல்லரும் தையற்காரரும் சப்பாத்துத் தைப்போருமாவர். கதிரை செய்தவனிடமிருந்தே கதிரை என்ற சொல்லை நம் முன்னோர் கற்றிருக்க வேண்டும், தளபதியிடமிருந்தல்ல.

ஒல்லாந்தர் கதை வேறு. போர்த்துக்கேயர் மட்டக்களப்பை இழந்த மறு ஆண்டே, 1639இல், யப்பானும் அவர்களை விலக்கிற்று. 1641இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியை நாகசாக்கித் துறையிலிருந்த தெசிமா என்ற சிறு செயற்கைத் தீவினுள் அடைத்து, அதற்கு வாடகையும் வாங்கிற்று. புளியந்தீவும் தீவுதான், ஆனால் இங்கே அதே கம்பனி பீரங்கியோடு இருந்தது. கம்பனி ஒன்று, மொழி ஒன்று. சொற்களைப் பாருங்கள். யப்பானியர் அவர்களிடம் பெற்றவை 'கராசு' என்ற கண்ணாடி, 'பீரு', 'கோப்பு' என்ற குவளை, சத்திரவைத்தியர் கையாளும் 'மெசு' என்ற கத்தி. 1774இல் சுகித்தா கெம்பாக்குவும் நண்பர்களும் ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றைத் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்டனர். நமக்கு வாய்த்தவை கந்தோர், நொத்தாரிசு, கடதாசிகளைப் பூட்டிவைக்கும் லாச்சி. அவற்றோடு கக்கூசு. விருந்தாளியாய்த் தீவுக்குள் நிறுத்தப்பட்டவன் கண்ணாடியையும் கத்தியையும் விற்றான். ஆள வந்தவன் கந்தோர் திறந்தான்.

யப்பானில் ஆங்கிலச் சொற்கள் பெருகியது பின்னர். 1945 முதல் 1952 வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்பின் பின் அது வெள்ளமாயிற்று. மாணவனின் கொப்பியில் பக்கம் பக்கமாக அவையே: 'தெரெபி' தொலைக்காட்சி, 'நோத்தோ' குறிப்பேடு, 'தொய்ரே' மலசலகூடம், 'பெத்தோ' கட்டில், 'ஹெருப்பா' உதவியாள். பஸ் அங்கே 'பசு' ஆகின்றது. தனித்தமிழ் அன்பர்கள் மன்னிப்பார்களாக. மெய்கள் நெருங்கி நிற்பதை அம்மொழியும் நம்மொழியைப் போலவே பொறுப்பதில்லை. இடையில் ஓர் உயிரை நுழைத்து, ஈற்றில் ஒன்றை ஒட்டித் தன்னதாக்கிக்கொள்ளும். அயலெழுத்தை விலக்கி வடசொல்லை ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வகுத்த நெறிக்கு இது அந்நியமானதல்ல.

போர்க்காலத்தில் அங்கும் தூய்மைவாதம் தலைதூக்கிற்று. 1943இல் பேஸ்போல் ஆட்டத்தில் 'சுதொராய்கு' என்று நடுவர் கூவக் கூடாதென விலக்கி, 'யொசி' என்று சொல்லவைத்தனர். போர் முடிந்ததும் பழைய சொல்லே திரும்பிற்று. ஆட்டத்துக்கு 'சுதொராய்கு' ஆன அதே ஆங்கிலச் சொல், தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு 'சுதொராய்கி' ஆகிச் சுருங்கிச் 'சுதோ' என வழங்குவதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 1919இல் கோபே நகரின் கவசாக்கிக் கப்பற்கட்டுத் தொழிலாளர் வேலைத்தளத்தை விட்டு நீங்காமலே வேலையை மந்தப்படுத்தி, எட்டு மணிநேர வேலைநாளை வென்றனர். 'சபொத்தாசு' என்ற பிரெஞ்சுச் சொல் அதனால் நாடெங்கும் பரவிற்று. இன்று வகுப்புக்கு ஒளிக்கும் மாணவனின் செயலுக்கு அங்கே பெயர் 'சபொரு'. நமக்கும் இதுபோல் ஒன்றுண்டு: அரிசி விலையேற்றத்தை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12இல் இந்நாட்டு உழைப்பாளர் எழுந்தபோது, குஜராத்தியரின் ஹர்த்தால் என்ற சொல் அவர்களுடையதாயிற்று.

தொழிலாளரை அனுப்புவதற்கான உடன்பாட்டில் இலங்கையும் யப்பானும் 2019இல் ஒப்பமிட்டன. என் மாணவன் போனால் 'பெத்தோ'வும் 'தொய்ரே'யுமே அவனுடைய நாளாந்தச் சொற்களாகும். யப்பானியர் மணிக்கணக்குக் கூலிவேலையை 'அருபைதோ' என்கின்றனர். ஜெர்மன் மொழியில் உழைப்பைக் குறிக்கும் சொல் அது. பத்திரமாக மனத்தில் வைத்துக்கொள் என்று அதற்கு மட்டும் நான் கோடிட்டுக் கொடுத்தேன்.

கோடிடுவது என் தொழில். கட்டுரைக் கொப்பிகளில் 'கந்தோர்' வரும்போதெல்லாம் சிவப்பு மையால் வெட்டி 'அலுவலகம்' என்று எழுதிவந்தவன் நான். சென்ற வாரம் ஒரு சிறுமியின் கொப்பியில் அது மீண்டும் வந்தது. வெட்டாமல், இதுபோன்ற சொற்களை வீட்டில் கேட்டு எழுதி வா என்றேன். மறுநாள் அம்மம்மாவிடம் கேட்டு லாச்சி, நொத்தாரிசு என்று எழுதிவந்தாள். மூன்றாவதை எழுத வெட்கப்பட்டு, மேசையருகே வந்து என் காதில் சொன்னாள்.